பாம்புக்குக் கொடுத்த மூன்று நாள்

நான் பாம்பு பிடிக்கிறவன் ஆனதற்கு வீரம் காரணமல்ல, செருப்புத்தான் காரணம். துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில், அவர்களுடைய பங்களாக்களைத் துப்புரவாக்கும் பகுதியில் எனக்கு வேலை. ஒருநாள் காலை ஒரு குளியலறையில் பாம்பு கிடப்பதாகச் சத்தம் கேட்டு நாலு பேர் உள்ளே போனோம். அது தலையைத் தூக்கியதும் மற்ற மூவரும் பறந்துவிட்டார்கள். என் செருப்பு வார் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது, நான் நின்றேன். வேறு வழியில்லாமல் கையிலிருந்த, கூட்டுகிற தும்புத்தடியால் பாம்பைத் தள்ளி, அழுக்குத் துணி வாளிக்குள் விழுத்தி, மேலே ஒரு துவாயைப் போட்டு மூடினேன். பிறகு வந்து பார்த்த துரை, இவன் பயமில்லாதவன் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து பாம்பு என்றால் என்னைத்தான் அனுப்பினார்கள். பயந்து பயந்து போய், பிடித்துப் பிடித்தே பழகினேன்.

தளம் கைமாறி வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு இனி என்ன செய்வது என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். வேலை தானாகத் தேடி வந்தது. திருகோணமலை நகரம் உப்புவெளிப் பக்கமாக வளரத் தொடங்கியிருந்தது. பற்றைகளை வெட்டி, பனைகளைத் தறித்து, கிணறு தோண்டி ஆட்கள் கல்வீடு கட்டினார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்த பாம்புகளுக்கு இதை யாரும் அறிவிக்கவில்லை. காலையில் குசினிக் கதவைத் திறந்தால் அம்மிக்குப் பக்கத்தில் ஒன்று சுருண்டு கிடக்கும். உடனே யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வருவார்கள். சில வருடங்களில் அதுவே என் முழுநேரத் தொழிலாகிவிட்டது.

இந்தத் தொழிலில் எனக்கு இரண்டு கட்டுப்பாடுகள். ஒன்று, கொல்லமாட்டேன், பிடித்துக் கொண்டுபோய்த் தூரக் காட்டில் விடுவேன். மற்றது, வெள்ளிக்கிழமையில் நல்ல பாம்பைத் தொடமாட்டேன். முதலாவது நானாக வைத்துக்கொண்டது. இரண்டாவது என் மனைவி வைத்தது. ஒருமுறை சுருட்டைப் பாம்பு ஒன்று என் பெருவிரலைப் பதம் பார்த்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். நான் பிழைத்து வந்தால் வெள்ளிக்கிழமைகளில் நாகத்தில் கை வைக்கமாட்டேனாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டால் நீங்கள் ஓம் எண்டோ சொல்லப்போறியள்?" என்றாள். அதுவும் சரிதான்.

அறுபதுகளில் ஒரு புதன்கிழமை காலை, கடைத்தெருவில் கயிறும் வலையும் விற்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர் ஆளனுப்பாமல் தானே சைக்கிளில் வந்து என் படலையில் நின்றார். "தம்பி, பையக் கொண்டு வராதீங்க. தடியையும் கொண்டு வராதீங்க. சும்மா ஒரு ஆள் மாதிரி வாங்க," என்றார். பாம்புக்காரனைக் கூப்பிட வந்தவர் பாம்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

போகிற வழியில்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் பகுதியில் தமிழர்களோ முஸ்லிம்களோ, பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் அவளுக்கு வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடிவருவார். முதலாளிக்கு ஒரே மகள். அவள் சின்னவளாக இருக்கும்போதே தாய் காலமாகிவிட்டார். தன் வளவிலேயே, தான் இருக்கிற வீட்டுக்குப் பின்னால், அவளுக்கென்று மூன்று வருடமாக ஒரு கல்வீட்டைக் கட்டி அந்தக் கிழமைதான் முடித்திருந்தார். மாப்பிள்ளை கிண்ணியாவில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் வந்து வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கடுத்த வாரம் கல்யாணம்.

"நேத்துப் பின்னேரம் அசர் தொழுதுபோட்டுக் குசினிக்குள்ள போனன், தம்பி. அடுப்புக்குக் கீழ படம் எடுத்துக்கொண்டு நிக்கிது. சீதன வீட்டுக்குள்ள பாம்பு குடியிரிக்கு எண்டு அவங்கட காதுக்குப் போனா இந்தக் கலியாணம் நிண்டுபோகும்," என்றார்.

வீடு நல்ல வீடு. காற்றோட்டமான ஹோல், பெரிய ஜன்னல்கள், தேக்குக் கதவுகள். குசினியில் அடுப்புத் திட்டின் கீழே விறகு வைக்க விட்டிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். பின்சுவரோடு ஒரு பொந்து. அதன் வாயில் மண் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒரு புத்து இரிந்திச்சு. வெட்டி நிரவித்தான் அத்திவாரம் போட்ட," என்று சொல்லிவிட்டு முதலாளி வேறு பக்கம் பார்த்தார். உண்மையான வீட்டுக்காரர் யார் என்பதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"உள்ளுக்குத்தான் கிடக்கிறார். இப்பவே போய்த் தடியை எடுத்துக்கொண்டு வாறன்," என்றேன்.

"அது ஏலாது, தம்பி. வீட்டுக்குள்ள கண்டா மூண்டு நாள் தவணை குடுக்கோணும். பாம்பு உருவத்தில வந்த ஜின் எண்டும் இரிக்கலாம். அது எங்கட வழக்கம். நேத்து அசருக்குச் சொல்லிப்போட்டன். வெள்ளிக்கிழம அசர் வரைக்கும் அதுக்கு நேரம் இரிக்கு."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பொந்துக்கு முன்னால் குனிந்து, சொன்னதை அப்படியே எனக்காகத் திருப்பிச் சொன்னார். "நாங்க உங்களுக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டம். நீங்களும் தராதீங்க. புள்ள குடிவாற வீடு. மூண்டு நாளைக்குள்ள போயிடுங்க."

பாம்பை நீங்கள் என்று கூப்பிட்டுத் தவணை கொடுத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். ஆனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வீடுகளிலும் நல்ல பாம்பைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு, நாகதம்பிரானே, பிள்ளைகள் திரிகிற இடம், விலகிப் போய்விடும் என்றுதானே சொல்கிறோம். நாள் குறிப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் தவணை முடியட்டும், பிறகு பிடிக்கிறேன் என்று சந்தோஷமாகச் சம்மதித்தேன். என் வெள்ளிக்கிழமை நேர்த்தியையும் சொன்னேன். "அதுக்கென்ன, உங்கட நேர்த்திய நீங்க காக்கத்தானே வேணும்," என்று அவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஒருவர் வழக்கத்தை மற்றவர் மதித்துவிட்டதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு நிறைவு. தேத்தண்ணி வந்து, பாதி குடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தவணை முடிவது வெள்ளிக்கிழமை. நான் தொடாத நாளும் வெள்ளிக்கிழமை.

"அப்ப சனிக்கிழம," என்றார் அவர், கொஞ்சம் யோசித்து. "அவங்க வாறது ஞாயிறுதானே." சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

அதுவரை பாம்பை யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அது பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால் பத்து நிமிடத்தில் கதை ஊரெல்லாம் பரவிவிடும். நான் பகலெல்லாம் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிடுகு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. "என்ன, பாம்புக்காரர் இங்க நிக்கிறார்?" முதலாளி கொஞ்சமும் யோசிக்காமல், "வெள்ளை அடிக்க வந்திரிக்கார். இப்ப அதுவும் செய்றாராம்," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்ன செய்வது? அடிக்கத்தான் வேண்டும்.

வெள்ளை அடிப்பது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அடித்துப் பார்க்கட்டும். சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்தால் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. தடிப்பாகக் கரைத்தால் கட்டி கட்டியாக ஒட்டியது. நீலம் கொஞ்சம் போடச் சொன்னார்கள். போட்டேன். ஒரு சுவர் வெளிறிப் போயும் மற்றச் சுவர் சலவைக்காரரின் தொட்டி மாதிரியும் வந்தன. அதைச் சரிக்கட்ட மேலே இன்னொரு பூச்சுப் பூச, வரிவரியாக வழிந்தது. கண் எரிந்தது. அதற்கிடையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குசினிக்குள் போய்ப் பொந்தையும் பார்க்க வேண்டும். இருபது வருடம் பாம்போடு புழங்கிய எனக்கு அந்த இரண்டு நாளில் சுண்ணாம்புப் பிரஷோடு பட்ட பாடு போல வேறு பாடு இல்லை.

அந்த நாட்களில் எனக்குத் துணை ஒரு குரல். கல்யாணம் பேசிய பெண் என்பதால் முதலாளியின் மகள் வெளியே வருவதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த தட்டிக்குப் பின்னால் நின்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவாள்; கை மட்டும் தெரியும். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "அண்ணன், அது இப்ப என்ன செய்யிது?" என்று கேட்டாள்.

"படுத்திருக்குது, தங்கச்சி."

"அதுக்குக் காது கேக்குமா? வாப்பா சொன்னது விளங்கியிரிக்குமா?"

காது இல்லை, நிலம் அதிர்ந்தால் தெரியும் என்றேன். "அப்ப வாப்பா காலால தட்டிச் சொல்லியிரிக்கோணும்," என்றாள். நான் சிரித்ததில் வாளியிலிருந்த சுண்ணாம்பு என் சாரத்தில் கொட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய மாப்பிள்ளையின் தாய், சொல்லாமல் கொள்ளாமல் கிண்ணியாத் துறையைக் கடந்து வந்து இறங்கினார். பெருத்த உடம்பு, கூர்மையான கண்கள். முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா கதிரையில் உட்காரவில்லை. நேரே புது வீட்டுக்குள் நடந்தார். அலுமாரிக் கதவுகளைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். இப்படி மூலை முடுக்கெல்லாம் துருவுகிற சம்பந்தியம்மாவை நான் கண்டதில்லை. மகா பொல்லாத மனுஷி என்று மனதுக்குள் திட்டினேன். குசினிக்குள்ளும் போனார். அடுப்புக்குக் கீழே குனியப்போனவர் சுவரைக் கண்டு நிமிர்ந்துவிட்டார்.

"இதுக்கு ஆர் வெள்ளை அடிச்ச?"

கையில் பிரஷோடு நின்ற நான், "நான்தான் உம்மா," என்றேன்.

"கண்ண மூடிக்கொண்டா அடிச்ச நீங்க? மாட்டுக் கொட்டிலுக்கும் இதவிட நல்லா அடிப்பாங்க. இப்பிடி வேல செஞ்சு தின்னிற ஆள் இந்தப் பக்கத்துக்கே வரக்கூடாது."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. என் தொழிலில் ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அந்த அம்மா விடவில்லை. நாளைக்கே வேறு ஆளைப் பிடித்து இந்தக் குசினியைச் சுரண்டி அடிப்பிக்க வேண்டும் என்றார். முதலாளி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அவர ஏசாதீங்க, மாமி. அவர் வெள்ளை அடிக்கிறவர் இல்ல. பாம்பு பிடிக்கிறவர். குசினிக்குள்ள நல்ல பாம்பு இரிக்கு. உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டுதான் வெள்ளை அடிச்சவர்."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத என் மானத்துக்காக அந்தப் பிள்ளை தன் கல்யாணத்தையே பணயம் வைத்துவிட்டது.

அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிடித்தாயிற்றா என்று என்னைக் கேட்டார். தவணையையும் நேர்த்தியையும் சொன்னேன். நாளைக்குக் காலை பத்து மணிக்கு, வெயில் ஏறிய பிறகு பிடிப்பேன் என்றேன். "நானும் வாறன். மகனையும் கூட்டிக்கொண்டு வாறன். அதுக்குப் பொறகு கதைப்பம்," என்று சொல்லிவிட்டு, வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்க் காரில் ஏறினார்.

முதலாளி சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது, தம்பி," என்றார். மகள் மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. "உண்மையத்தானே சொன்னவ," என்று இரண்டு தரம் சொன்னார். பள்ளியில் அசர் பாங்கு கேட்டது. தவணை முடிந்துவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. "முதலாளி, நேர்த்தி கிடக்கட்டும். இண்டைக்கே பிடிச்சுக்கொண்டு போறன். நாளைக்கு வந்து வெறும் வீட்டைப் பாக்கட்டும். முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுறன்," என்றேன். அவர் தலையை அசைத்தார். "எனக்காக நீங்க அத முறிக்க வேணாம். எண்ட புள்ளைக்கு விதிச்சது நடக்கட்டும்." அவரிடம் எனக்கு அன்று ஏற்பட்ட மரியாதை கடைசிவரை குறையவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கொக்கித் தடி, வாயகன்ற பானை, ஒரு துண்டுத் துணி எல்லாவற்றையும் ஊர் பார்க்கவே சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த அம்மா முன்பே வந்து குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. மெலிந்த, உயரமான பொடியன்; மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை. தாயும் மகனும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. என்னவோ சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் போலத் தெரிந்தது.

பொந்து சுவருக்கு வெளியேயும் திறந்திருக்கக்கூடும். முதலாளியை ஒரு வாளி மணலோடு பின்பக்கம் அனுப்பினேன், அடைப்பதற்கு. குசினிக்குள் இருட்டு. அடுப்புக்குக் கீழே வெளிச்சம் வேண்டும். அதற்கு நான் செய்வது சின்ன வேலைதான்: ஒருவர் வாசலில் நின்று முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைப் பொந்துக்குள் திருப்பி விட வேண்டும். கண்ணாடியை நீட்டி, யார் பிடிப்பது என்று கேட்டேன். மாப்பிள்ளை எழும்பி, "நான் பிடிக்கிறன்," என்றார். அந்த அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் கண்டேன்.

வெளிச்சம் பொந்தில் விழுந்தது. ஒரு நிமிடத்தில் கோதுமை நிறத் தலை வெளியே வந்தது. வந்ததும் நிமிர்ந்து படம் எடுத்தது. அவ்வளவுதான், வெளிச்சம் நடுங்கத் தொடங்கியது. பொந்தை விட்டு என் கோணல் சுவரெல்லாம் ஓடி, கூரைக்குப் போய், என் கண்ணில் அடித்து, மறுபடி சுவருக்கு ஓடியது. பாம்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. "தம்பி, கையை ஆட்டாதேங்கோ!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை கதிரைமேல் ஏறி நிற்கிறார். கண்ணை இறுக மூடியிருக்கிறார். கண்ணாடியை மட்டும் விடவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். நானும் அப்போதுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். எட்டி, அவருடைய கையிலிருந்த கண்ணாடியை எடுத்தாள். வாசலில் முழங்காலில் இருந்து வெயிலைத் திருப்பினாள். வெளிச்சம் பாம்பின் கழுத்தடியில் வந்து ஆணி அடித்தது போல நின்றது. அதற்குப் பிறகு எனக்கு என்ன வேலை? கொக்கியைக் கீழே கொடுத்துத் தூக்கி, வாலைப் பிடித்து, சரித்து வைத்த பானையின் வாயைக் காட்டினேன். இருட்டைக் கண்டதும் அது தானாகவே உள்ளே போய்விட்டது. நான் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, அவள் கயிற்றைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். கயிற்றுக்கடைக்காரரின் மகளுக்கு முடிச்சுப் போட நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த முதலாளி, மகள் எல்லார் முன்னாலும் நிற்பதைக் கண்டு திடுக்கிட்டு, உள்ளே போகச் சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி அவரைத் தடுத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"நிக்கட்டும். கதவு மாட்ட வந்த தச்சன் எங்கட ஊர்ப் புள்ள. இந்த வீட்டுக்குள்ள பாம்பு இரிக்கு எண்டு செவ்வாக்கிழமயே வந்து சொல்லிப்போட்டான். எண்ட மகனுக்குச் சின்னதில இருந்தே பாம்பு எண்டாப் பயம். படத்தில கண்டாலும் நடுங்குவான். வெளியில தெரிஞ்சா ஆரு பொண்ணு குடுப்பாங்க? அதுதான் இவன்ட பயத்த நீங்க அறிய முந்தி நானே பாம்பத் தேடிப் பாத்து அப்புறப்படுத்துவம் எண்டு வெள்ளிக்கிழம ஓடி வந்தனான். வந்த இடத்தில இந்தப் புள்ள பளிச்செண்டு உண்மையச் சொல்லிப்போட்டா. எனக்கு வெக்கமாப் போயிற்று. இவன மறைக்காமக் காட்டிப்போட்டு, நீங்க ஓம் எண்டாச் செய்வம் எண்டுதான் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

முதலாளி அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு கதிரையைப் பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் அதன்மேல்தான், கண்ணைத் திறக்காமல், வெறும் கையை நீட்டியபடி நின்றார். முதலாளி மகள் பக்கம் திரும்பினார்.

அவள் கண்ணாடியை அடுப்புத் திட்டில் வைத்துவிட்டுக் கதிரையடிக்குப் போனாள்.

"இறங்குங்க. கட்டியாச்சு."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "நல்லாக் கட்டினீங்களா?"

"ரெண்டு முடிச்சுப் போட்டிரிக்கன். இனியும் வந்தா நான் பாத்துக்கொள்றன், நீங்க இறங்குங்க."